கட்டங்கள் சேரவில்லையா? துண்டுப் போர்வைக் கைமாற்றில் வரும் பிழைகளும் அவற்றைப் பிடிக்கும் வழியும்

தையல் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆளுக்குத் துணித் துண்டுகளை இணைத்து ஒரே மாதிரிப் பன்னிரண்டு சதுரக் கட்டம் தைத்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சம் பதினொன்றையும் மற்றவர்களுக்குக் கொடுத்தால், எல்லோர் கையிலும் பன்னிரண்டு பேர் தைத்த பன்னிரண்டு கட்டம் வந்து சேரும். 12 அங்குலக் கட்டம் என்றால், மூன்றுக்கு நாலாக அடுக்கி இணைத்தால் 36 அங்குலத்துக்கு 48 அங்குலம், ஒரு குழந்தைப் போர்வைக்குக் காணும். இதுதான் கைமாற்று, கணக்கு இவ்வளவு லேசுதான். கரைச்சல் எல்லாம் பாயை விரித்து அந்தக் கட்டங்களை அதன்மேல் பரப்பும்போது தொடங்கும்.

இது கிளிநொச்சி, மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் மாதர் சங்கக் கட்டடத்திலோ வீட்டு விறாந்தையிலோ இருந்து தைக்கிறவர்களுக்கு எழுதுவது. அதாவது கையில் இருப்பது கால் மெசின், வெட்டுவது கத்தரிக்கோலால், துணி என்றால் கடைப் பொப்ளின், பழைய சேலை, கார்மெண்ட் வெட்டுத்துண்டு. வெளிநாட்டுக்காரர் பாவிக்கும் உருளைக் கத்தியும் வெட்டுப் பாயும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எந்தப் பிழையைக் கண்டாலும் ஒரே ஒழுங்கில் தேடுங்கள்: துணி, அடிமட்டம், வெட்டு, தையல், அயன். பிளேட்டை எடுத்துத் தையலைப் பிரிப்பது கடைசி வேலை. ஏனென்றால் "இவவுக்குத் தைக்கத் தெரியாது" என்று ஒதுக்கி வைக்கும் கட்டங்களில் பெரும்பாலானவை கை பிழைத்ததால் பிழைத்தவை அல்ல, குழு முதல் நாளில் கதைத்து முடிக்காத ஏதோ ஒன்றால் பிழைத்தவை. அதைக் கண்டுபிடிக்காமல் கட்டத்தை மட்டும் திருத்தினால் அடுத்த கைமாற்றிலும் அதே பிழை வரும்.

"ஒன்று பெரிசு, ஒன்று சின்னன்"

இதுதான் அதிகம் வரும் முறைப்பாடு, ஆகவே இதில் கொஞ்சம் மினக்கெடுவோம்.

12 அங்குலக் கட்டம் என்றால் போர்வையில் இணைத்த பிறகு 12. கைக்கு வரும்போது நாலு பக்கமும் தையலுக்கு விட்ட கால் அங்குலத்தோடு 12½ ஆக இருக்க வேண்டும். வந்த கட்டத்தை அளந்து பாருங்கள், அளவே காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக 12 நிற்கிறதென்றால் தைத்தவ தையலுக்குத் துணி விடவில்லை. "பன்னிரண்டு" என்று நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்திருக்கிறா, பிழை அவவில் இல்லை. 11¾க்குக் கொஞ்சம் மேலே நின்றால் அவ அடிமட்டத்தின் மற்றப் பக்கத்தைப் பார்த்து 30 சென்ரிமீற்றருக்குத் தைத்திருக்கிறா. பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தில் 12 அங்குலமும் 30 சென்ரிமீற்றரும் கிட்டக்கிட்ட நிற்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 12½ அங்குலம் என்பது 31.75 சென்ரிமீற்றர். இரண்டு கணக்கையும் கலக்க வேண்டாம், குழு முழுவதும் அங்குலம் என்றால் அங்குலம்தான்.

12¼ நின்றால் தையல் அகலமாகப் போயிருக்கிறது. இங்கேதான் பலர் நம்ப மாட்டார்கள், "ஒரு மயிரளவு கூடினதுக்கு இவ்வளவு குறையுமா" என்பார்கள். குறையும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம் வைத்துத் தைக்கும் கட்டத்தில் ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்குப் போக இரண்டு தையலைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டில் இருந்தும் துணியைத் தின்கிறது. தையல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே போனால், இரண்டு தையல், இரண்டு பக்கம், மொத்தம் கால் அங்குலம் போச்சு. நடுவில் ஒரு சதுரம் வைத்து மூன்று சுற்றுப் பட்டி தைக்கும் கட்டம் என்றால் ஆறு தையல், முக்கால் அங்குலம் குறையும். துண்டு கூடக்கூடப் பிழையும் கூடும். புதியவர்கள் இருக்கும் குழு ஒன்பது சதுரக் கட்டத்தில் தொடங்குவது அதனால்தான் நல்லது.

தையல் அகலத்தைப் பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டுங்கள், நீளம் ஒரு சாண் போதும். மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து, மடிப்பைப் பக்கத்துக்குத் தள்ளி அயன் பிடித்து, நல்ல பக்கத்தைத் திருப்பி நடுப் பட்டியை மட்டும் அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலம், கூடினால் ஒடுக்கம். சிலருக்குப் பின்பக்கத்தில் அளந்தால் கால் அங்குலம் சரியாக நிற்கும், ஆனாலும் நடுப் பட்டி ஒரு நூலிழை குறையும். பயப்பட வேண்டாம், துணி மடங்கும் இடம் கொஞ்சத்தைத் தின்கிறது, தடித்த துணி என்றால் இன்னும் கூடத் தின்னும். அப்படியானவர்கள் கால் அங்குலத்தைவிட ஓர் இழை ஒடுக்கமாகத் தைக்க வேண்டியதுதான். கைமாற்றுத் தொடங்க முன் எல்லோரும் இந்தப் பட்டியைத் தைத்துக் கூட்டத்துக்குக் கொண்டு வரட்டும். பத்து நிமிட வேலை, பிறகு வரப்போகும் மனத்தாங்கல் எவ்வளவோ மிச்சம்.

மெசின் பாதத்தின் ஓரத்தை நம்பித் தைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஊசியில் இருந்து பாதத்தின் ஓரம் எல்லா மெசினிலும் ஒரே தூரம் இல்லை. பழைய நேர்தையல் மெசினில் பாதம் ஒடுக்கம், சிக்சாக் மெசினில் அகலம். ஆகவே பாதத்தை விடுங்கள். கணக்குக் கொப்பியில் கட்டக்கோடு போட்ட தாளை எடுத்து, ஓரத்தில் இருந்து கால் அங்குலத்தில் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல் ஊசி இறங்கும்படி சில்லைக் கையால் சுற்றி இறக்குங்கள். தாளின் வலப்பக்க ஓரம் எங்கே நிற்கிறதோ அந்த ஓரத்தை ஒட்டி மெசின் தட்டில் பிளாஸ்டரையோ கறுப்பு வயர் ரேப்பையோ நாலைந்து மடியாக ஒட்டுங்கள். துணி அதில் முட்டி முட்டிப் போகும், கண் பார்வை குறைந்த மாமிக்கும் கை தடவித் தெரியும். துணியைத் தள்ளும் பல்லின் மேல் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

தையலும் சரி, அப்படியும் அளவு பிழை என்றால் அடிமட்டத்துக்கும் வெட்டுக்கும் போங்கள். ஒரு கூட்டத்தில் எல்லோருடைய அளவு நாடாக்களையும் மேசையில் பக்கம் பக்கமாக நீட்டிப் பாருங்கள், பழைய துணி நாடா இழுபட்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அப்போது தெரியும். சட்டைக்கு அது காணும், கட்டத்துக்குக் காணாது. மட்டை அச்சு வைத்து வெட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பென்சில் சுற்றிச் சுற்றி மட்டையின் மூலை தேய்ந்து உருண்டுவிடும், கோடும் மட்டைக்கு வெளியே விழும், அந்தக் கோட்டுக்கு வெளியால் வெட்டினால் துண்டு இன்னும் பெருக்கும். பழைய எக்ஸ்ரே படத்தில் அச்சு வெட்டுங்கள். ஓரம் தேயாது, ஊடே பார்த்துப் பூவை நடுவில் வைக்கவும் முடியும். எல்லாருக்கும் ஒருவரே, ஒரே இரும்பு அடிமட்டத்தால் வெட்டிக் கொடுப்பது நல்லது. ஆளாளுக்கு வீட்டில் வெட்டிய அச்சு எனக்குப் பிடிக்காது.

சரி, ஏற்கெனவே வந்துவிட்ட கட்டங்களை என்ன செய்வது? கால் அங்குலத்துக்குள் வித்தியாசம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இணைக்கும்போது பெரிய கட்டத்தைக் கீழேயும் சின்னதை மேலேயும் வைத்து, இரண்டு முனையிலும் நடுவிலும் ஊசி குத்தித் தையுங்கள். மெசின் பல்லு கீழே இருக்கும் துணியைக் கொஞ்சம் கூட இழுக்கும், மிச்சம் அதிலேயே அடங்கிவிடும். அதைவிடக் கூடினால், எல்லாக் கட்டத்துக்கும், கவனியுங்கள், சின்னக் கட்டத்துக்கு மட்டுமல்ல எல்லாக் கட்டத்துக்கும், ஒரே நிறத்துணியில் இரண்டு அங்குலப் பட்டி சுற்றித் தைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். ஒன்றில் பட்டி அகலமாகவும் மற்றதில் ஒடுக்கமாகவும் வரும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு கட்டத்துக்கு மட்டும் பட்டி வைத்தால் அது தண்டனை போட்ட மாதிரித் தெரியும், தைத்தவ அந்தப் போர்வையைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பா.

எல்லாவற்றையும் மிகச் சின்னக் கட்டத்தின் அளவுக்குக் குறைத்து வெட்டலாம் என்று ஒருத்தி கட்டாயம் சொல்லுவா. விடாதீர்கள். சரியாகத் தைத்த பதினொரு பேரின் நட்சத்திர முனையும் கத்தரிக்கோலுக்குள் போய்விடும்.

வெளி அளவு ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்தால் மற்றதெல்லாம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் சேரும். 1987இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எயிட்ஸ் நினைவுப் போர்வையில் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. ஒருவரை ஒருவர் கண்டிராத ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில், கையில் இருந்த துணியில் தைத்து அனுப்பினார்கள். எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம், அவ்வளவுதான் விதி. உங்கள் குழுவும் 12½ என்பதை மட்டும் கல்லில் வெட்டி வைத்துவிட்டு உள்ளே பூவோ கோலமோ அவரவர் விருப்பம் என்று விடலாம்.

"அளவு சரி, ஆனால் படுக்குதில்லை"

நாலு மூலையும் சரியாக அளக்கிறது, ஆனால் நிலத்தில் வைத்தால் ஓரம் அலை அடிக்கிறது, அல்லது நடு உப்பி நிற்கிறது. ஓரம் அலை என்றால் ஓரம் இழுபட்டிருக்கிறது. நடு உப்பினால் நடுத் துணி கூட, அல்லது சுற்றுப் பட்டியைக் குறைத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

இழுபடுவதற்குக் காரணம் முக்கோணம். துணியின் நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் சும்மா இழுத்தால் கொடுக்காது, மூலைவாட்டில் இழுத்தால் கொடுக்கும். முக்கோணத்தின் நீளப் பக்கம் மூலைவாட்டில்தான் வெட்டுப்படும். ஆகவே முக்கோணமாக வெட்டித் தைப்பதை விடுங்கள். இரண்டு முக்கோணம் சேர்ந்த 4 அங்குலச் சதுர அலகுக்கு 5 அங்குலச் சதுரம் இரண்டு, வெள்ளையில் ஒன்று நிறத்தில் ஒன்று, நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சேர்த்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, பிறகு கோட்டில் வெட்டுங்கள். இரண்டு அலகு கிடைக்கும். 4½க்குச் சரிபார்த்து மிச்சத்தை நறுக்குங்கள். கணக்குப் பிள்ளையள் 4⅞ போதும் என்பார்கள், அது உண்மைதான், ஆனால் நறுக்க இடம் வைத்து வெட்டுகிறவர்களுக்கு நித்திரை நல்லா வரும்.

இரண்டாவது காரணம் அயன். சட்டைக்குத் தேய்ப்பது வேறு, இதற்கு வைத்து எடுப்பது வேறு. பெட்டியை வை, அழுத்து, தூக்கு, அடுத்த இடத்தில் வை. இழுத்துக்கொண்டு போனால் துணியும் கூடவே போகும். சிரட்டைக் கரிப் பெட்டி பாரமானது, பாரத்தைக் கொண்டே இழுக்கத் தோன்றும், அதில் இன்னும் கவனம். சாம்பல் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு வெள்ளைத் துணிக்கு மேல் கொண்டு போங்கள்.

வெட்ட முன்னமே துணிக்குக் கஞ்சி போட்டு அயன் பிடித்தால் பாதிப் பிரச்சினை இல்லை. சோற்றுக் கஞ்சியை நல்லா வடித்து, தண்ணீர் விட்டு இளக்கி, நனைத்துப் பிழிந்து காயவிட்டு எடுங்கள். ஆனால் கஞ்சியோடு மாதக்கணக்கில் பெட்டிக்குள் வைத்தால் பூச்சி வரும், மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும், முடிந்த போர்வையைத் துவைத்துத்தான் மடிக்க வேண்டும்.

வந்துவிட்ட அலைக் கட்டத்தைத் திருத்த: தண்ணீர் தெளித்து, துவாய் விரித்த பலகையில் 12½ சதுரம் கீறி, அந்தக் கோட்டுக்கு ஓரத்தை ஒதுக்கி ஒதுக்கி ஊசி குத்தி, அப்படியே காயவிடுங்கள். காய்ந்த பிறகு இலேசாகக் கஞ்சி தெளித்து அயன். முக்கால்வாசி அடங்கும்.

"நட்சத்திரத்தின் மூக்கு போச்சு"

முனை தையலுக்குள் போய் மொட்டையாக நிற்பது. கட்டத்தின் ஓரத்தில் முனைக்கு மேலே கால் அங்குலம் துணி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நறுக்கும்போது போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது என்று விடுங்கள். இருந்தும் போகிறதென்றால் இணைக்கும் ஆள்தான் கவனிக்க வேண்டும்: பின்பக்கத்தில் இரண்டு தையல் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு புள்ளடி தெரியும், அந்தப் பக்கத்தை மேலே வைத்து, புள்ளடியின் நடுவால், அல்லது ஓர் இழை ஓரப்பக்கமாக ஊசி போகட்டும்.

"சிவப்பு வெள்ளையில் இறங்கிப் போச்சு"

சிவப்பு, கடும் நீலம், கறுப்பு, கடும் நிற பற்றிக். இந்த நாலையும் யார் கொடுத்தாலும் சந்தேகப்படுங்கள். வெட்ட முன் ஒரு மூலையைச் சுடுதண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியை மேலே வைத்து அயன் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி கைமாற்றுக்கு வேண்டாம், வீட்டுக்குத் தலையணை உறை தையுங்கள். உப்பும் வினாகிரியும் போட்டு ஊறவைத்தால் நிறம் நிற்கும் என்று அம்மம்மா காலத்தில் இருந்து சொல்கிறார்கள். கடையில் வாங்கும் பருத்தித் துணியின் சாயத்தை அவை இரண்டும் பிடித்து வைக்காது. கழுவிக் கழுவி மிச்சச் சாயத்தை வெளியே எடுப்பதுதான் வழி.

முடிந்த போர்வையைத் துவைக்கும்போது இறங்கிவிட்டால், இதை மட்டும் நினைவில் வையுங்கள்: காயவிடாதீர்கள், வெயிலில் போடாதீர்கள், அயனைக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். காய்ந்தால் கறை இறுகிவிடும். கோயிலில் சோறு காய்ச்சும் கிடாரம் அளவுக்குப் பெரிய பாத்திரம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பெரிய பேசின். நல்ல சூட்டுத் தண்ணீர் நிறைய, சவர்க்காரத் தூள் கரைத்து, போர்வை தளர்வாக முழுசாக மூழ்கும்படி சில மணித்தியாலம் விடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் ஊற்றிவிட்டுத் திரும்ப. தண்ணீர் கூட இருந்தால் வெளியே வந்த சாயம் அதில் கரைந்தே நிற்கும், பக்கத்து வெள்ளைத் துண்டில் போய் ஒட்டாது. வெளுக்கும் தூள் போட்டால் கறையோடு நிறத்துணியும் வெளுக்கும், வேண்டாம்.

பஸ்ஸில் வந்த பொதியில் செம்மண் பட்டிருந்தால் அது வேறு விஷயம், ஈரத்தோடு தேய்க்காமல் காயவிட்டுத் தட்டுங்கள்.

"ஒரு பக்கம் மட்டும் இழுபடுது, சுருங்குது"

துணி வேறு வேறு. கிலோக் கணக்கில் வாங்கும் கார்மெண்ட் வெட்டுத்துண்டில் பாதி ரீசேட் துணி, பின்னல் துணி. விரலால் இழுத்தால் ரப்பர் போல நீளும். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் கட்டம் ஒருநாளும் சதுரமாக நிற்காது. நல்ல நிறம் என்று ஆசைப்பட வேண்டாம், கால்துடைப்பான் தைக்க அது அருமையான துணி.

பருத்தியா பொலியெஸ்டரா என்று சந்தேகம் வந்தால் இரண்டு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியான மணியாக நிற்கும். இரண்டும் ஒரே கட்டத்தில் வந்தால் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, துவைத்த அன்றே தெரியும். பருத்திக்கு வைத்த சூட்டில் பொலியெஸ்டர் அயன் பெட்டியில் ஒட்டவும் கூடும்.

சுருங்கும் பிரச்சினைக்கு ஒரே மருந்து, வெட்ட முன் எல்லோரும் துவைப்பது. இல்லையென்றால் ஒருவரும் துவைக்காமல் விடுவது. பாதிப் பேர் துவைத்துப் பாதிப் பேர் துவைக்காமல் தைத்தால்தான் ஆபத்து. பழைய சேலை ஏற்கெனவே நூறு தரம் துவைபட்டது என்பதால் சேலை சேரும் குழு, துவைக்கும் பக்கம்தான் நிற்க வேண்டும். மெல்லிய சேலைத் துண்டுக்குப் பின்னால் பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை வைத்து ஒரே துணியாக நினைத்துத் தையுங்கள், பொப்ளினுக்குச் சமமாக நிற்கும்.

"இணைக்கிற இடம் கட்டிபட்டு நிற்குது"

ஊசி முறியும் இடம். எட்டு மடிப்பு ஒரே புள்ளியில் குவிந்திருக்கும். ஒன்பது சதுரக் கட்டத்தில் மடிப்புகளைக் கடும் நிறத்துணிப் பக்கம் தள்ளுவது என்று முதலே கதைத்து வைத்தால் பக்கத்துப் பக்கத்து வரிசையின் மடிப்பு எதிரெதிராக விழுந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், முனையும் தானாகவே பொருந்தும். கதைக்காமல் விட்டுவிட்டீர்களா, இணைக்கும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று தையலைத் தளர்த்தி மடிப்பைத் திருப்பலாம். முழுசாகப் பிரிக்கத் தேவையில்லை.

"எட்டுப் பேருடையது வந்திட்டுது, நாலு பேருடையது வரேல்லை"

தையல் பிழையைவிட இது கூட மனத்தை நோகடிக்கும். இதைச் சீட்டு மாதிரி நடத்துங்கள். எல்லோரும் ஒருத்தியிடம் கட்டுவது, எல்லோருடையதும் சேர்ந்த பிறகு ஒரே நாளில் பிரிப்பது. வர வர ஒருவருக்கொருவர் கையால் கொடுத்துக்கொண்டால், எடுத்துவிட்டுக் கட்டாமல் விடும் ஆளும் கட்டிவிட்டு எடுக்காமல் நிற்கும் ஆளும் வரத்தான் செய்வார்கள்.

பிந்துகிறவர்களைக் கேட்டுப் பார்த்தால் காரணம் அநேகமாகத் தவணைத் தேதியில் இருக்கும். ஐப்பசியில் விதைப்பு, தையிலும் மாசியிலும் அரிவு வெட்டு, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். இந்த நாட்களில் தவணை வைத்துவிட்டு ஆட்களைக் குறை சொல்லக் கூடாது. பங்குனி தொடங்கிச் சித்திரை முடிய முன், அல்லது ஆடியில் வையுங்கள். கார்த்திகை மழையில் வீட்டில்தானே இருப்பார்கள், அப்போது தைக்கட்டும் என்று தோன்றும். மழையில் கரண்ட் போய்விடும், வெளிச்சம் இராது, நனைத்த துணி காயாது. அந்த மாதம் வெட்டுவதற்கு மட்டும் சரி.

ஒருத்தி இடையில் விலகினால் மிச்சம் பதினொரு பேருக்கும் ஒவ்வொரு கட்டம் குறையும். விலகினவவைத் துரத்தாதீர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பொதுத் துணி கொஞ்சம் கூட வாங்கி வைத்திருந்தால் வெறும் கட்டம் ஒன்றை நடுவில் வைத்துப் போர்வையை முடிக்கலாம். பன்னிரண்டு பேர் கூட என்று தோன்றினால் ஆறு ஆறு பேராகப் பிரித்து ஆளுக்கு ஆறு கட்டம், பிறகு இரண்டாம் சுற்று. முதல் சுற்றிலேயே யார் யார் தருவார்கள் என்று தெரிந்துவிடும்.

முல்லைத்தீவில் இருந்து பரந்தனுக்கு, மாங்குளத்தில் இருந்து வவுனியாவுக்கு என்று பஸ்ஸில் போட்டுவிடுகிறவர்கள் கட்டத்தை மடிக்காமல் பிளாஸ்ரிக் பைலுக்குள் வைத்து அனுப்புங்கள். பெயர்த் துண்டைக் குண்டூசியால் குத்தாதீர்கள். மாரிகாலத்தில் இரண்டே கிழமையில் ஊசி துருப்பிடித்து ஒரு பழுப்புப் புள்ளி வைக்கும், அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. ஒரு நூலால் கட்டிவிடுங்கள்.

"இவவின்ர கட்டம் மட்டும் சேருதில்லை"

அளவு பிழையில்லை, நிறம் பிழை. மற்றவர்கள் வெளிறிய நிறத்தில் தைக்க ஒருத்தி மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் போட்டிருப்பா. முதல் நாளே பின்னணித் துணி ஒன்றைக் குழுக் காசில் வாங்கி வெட்டிக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை வராது. ஒன்பது சதுரக் கட்டத்தில் நாலு சதுரம் பொதுத் துணி என்று வைத்தால், 45 அங்குல அகலத் துணியில் கரையை நீக்கி ஒரு வரிசைக்கு 4½ அங்குலச் சதுரம் ஒன்பது வெட்டலாம். ஒருவரின் பன்னிரண்டு கட்டத்துக்கு 48 சதுரம், ஆறு வரிசை, 27 அங்குலம். அதாவது முக்கால் யார், பிழை வெட்டுக்கும் சேர்த்து ஒரு யார் வாங்குங்கள். அந்த வெள்ளையோ சாம்பலோ எல்லாக் கட்டத்திலும் வந்தால் மாம்பழ மஞ்சள்கூடத் தன்பாட்டில் அடங்கி நிற்கும்.

ஆனால் ஒன்று. எங்கள் ஊர்களில் சில கட்டங்கள் வேறு விதமாக வரும். ஒரு சாரத் துண்டு, ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கைப்பகுதி, கரை கிழிந்த ஒரு சேலை. தந்தவ சொல்ல மாட்டா. நீங்களும் கேட்க வேண்டாம். அப்படியான துணி என்று தெரிந்தால் நிறம் சேரவில்லை, இழை நைந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுக்காமல், பின்னால் வேட்டித் துண்டு வைத்து, ஓரத்தை நறுக்காமல், சுற்றுப் பட்டி போட்டு அளவுக்குக் கொண்டு வாருங்கள். இந்த இடத்தில் மட்டும் 12½ என்ற விதியைத் தூக்கி ஒரு பக்கம் வைக்கலாம்.

சில்லறைப் பிழைகள்

கீழ்நூல் கூடு கட்டுகிறது: பொபினைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் மேல்நூல்தான். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முழுசாகக் கழற்றித் திரும்பக் கோர்த்துவிடுங்கள், பாதம் இறங்கியிருக்கக் கோர்த்தால் நூல் இறுக்கும் தட்டுகளுக்குள் போகாது. பிறகு பல்லுக்குள் இருக்கும் பஞ்சைத் துடையுங்கள், ஊசியை மாற்றுங்கள். கட்டத்துக்கு அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுந்தால் போதும்.

மணம்: விறகடுப்புப் புகையும் பூச்சி உருண்டையும் துணியை விட்டு இலேசில் போகாது, குழந்தைப் போர்வைக்குப் பூச்சி உருண்டை வைத்த துணியே வேண்டாம். காய்ந்த வேப்பிலையைத் துணிப் பைக்குள் போட்டு வையுங்கள்.

பெயர் எழுதின மை கரைகிறது: கட்டத்தில் தைத்தவரின் பெயரை எழுதும் வழக்கம் அமெரிக்காவில் 1840களிலேயே பெருகிவிட்டது, அழியாத மை கைக்கு வந்த காலம். குமிழ்முனைப் பேனை வேண்டாம், எண்ணெய் போலப் பரவும். அழியாத மைப் பேனையால் துண்டு ஒன்றில் எழுதி, அயன் பிடித்து, சவர்க்காரம் போட்டுக் கசக்கிப் பார்த்து, நின்றால் மட்டும் கட்டத்தில் எழுதுங்கள். நிற்காவிட்டால் இரண்டு இழை எம்பிராய்டரி நூலில் பின்தையலால் பெயரைத் தைத்துவிடுங்கள். முழுப் பெயர் வேண்டாம், பெயரின் முதலெழுத்தும் ஊரும் ஆண்டும் காணும்.